பாண்டியில் கல்யாணமா? பகல் 12 மணி கணக்கு

கல்யாணத்துக்கு வந்த கையோடு சுற்றிப் பார்க்கப் பாண்டி தோதான ஊர். முக்கால்வாசி இடம் நடை தூரம்தான். சிக்கல் நேரத்தில். முகூர்த்தம் முடிந்து, மொய் எழுதி, பந்தியில் கை கழுவி எழுந்திருக்கப் பன்னிரண்டு ஆகிவிடும். அரவிந்தர் ஆசிரமம் அப்போது மூடி 2 மணிக்குத் திறக்கும். மணக்குள விநாயகருக்கு 12.30 வாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிதான். இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் டிபனுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் முடித்துவிடுங்கள். ஆசிரமத்துக்குள் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை விடமாட்டார்கள்; ஒருவர் வெளியே நிற்க வேண்டிவரும்.

மதிய வெயிலுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள தாவரவியல் பூங்கா. 1826ல் தொடங்கியது, நல்ல மரநிழல். பாரதி பூங்காவை ஒட்டிய மியூசியத்தில் பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்கள் இருக்கின்றன. ஆனால் திங்களன்று விடுமுறை. ஞாயிறு ரிசப்ஷன், திங்கள் முகூர்த்தம் என்றால் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

எல்லோரும் வெள்ளைக்கார வீதிகளில் மஞ்சள் சுவர் முன் போட்டோ எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். எங்கள் ஓட்டு, ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழர் பகுதிக்கு. வைசியாள் வீதியில் திண்ணை, அதற்கு முன்னே மரத்தூண் தாங்கிய தாழ்வாரம் என்று வீடுகள் வரிசையாக நிற்கும். அருகே ஆனந்தரங்கப் பிள்ளை வீடு. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய துபாஷி, அதாவது பிரெஞ்சுக்காரர்களின் மொழிபெயர்ப்பாளர், அவர். கீழே நம்மூர்க் கட்டு, மாடியில் பிரெஞ்சுத் தூண்கள். எதிர்ச்சாரியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரே சுவரில் இரண்டும் தெரியும்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள். வேனை டூமாஸ் வீதியிலேயே நிறுத்தி இறங்கினால் பெரியவர்களுக்கும் சிரமமில்லை. 1836ல் எரியத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கம் வழியிலேயே வரும். அங்கே கடலில் மட்டும் இறங்க வேண்டாம், கரையில் பெரும்பகுதி பாறை.

முகூர்த்த நாளில் ஆரோவில் சரிவராது. அங்குள்ள தங்க உருண்டை வடிவ தியான மண்டபமான மாத்திர்மந்திரை வெளியிலிருந்து பார்க்கவே சுமார் ஒரு கிலோமீட்டர் நடக்கணும்; பட்டுப்புடவையில் அது தண்டனை. உள்ளே போக முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். சுண்ணாம்பாறு படகுக்கும் தனியாக அரை நாள் வேண்டும்.

மாப்பிள்ளைத் தோழர்களுக்கு ஒன்று: ஊருக்குப் பாட்டில் வாங்கிப் போகும் யோசனை வேண்டாம். தமிழக எல்லையில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள். பின்னால் தாம்பூலப் பையோடு பெரியம்மா உட்கார்ந்திருப்பார்.