‘உங்கள் ஆளுமையைப் படமெடுக்கிறோம்’ என்பவர்களிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்

ஆளுமையை வெளிப்படுத்தும் ஃபேஷன் போர்ட்ரெய்ட் எடுத்துத் தருவதாக விளம்பரம் செய்த ஒரு ஸ்டூடியோ, முழுத் தொகையையும் முன்னதாகவே பெற்றுக்கொண்டு, வேறு யாருடைய முகத்தை வைத்தாலும் பொருந்தக்கூடிய படங்களை எனக்குக் கொடுத்தது. இத்தகைய படப்பிடிப்புக்குப் பதிவு செய்ய எண்ணுவோருக்குப் பயன்படலாம் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

பணம் கட்டியதும் நீண்டதொரு கேள்விப் படிவம் வந்தது. எந்த உடையில் இயல்பாக இருப்பேன், எப்படி உட்காருவேன், எதை மாற்றக் கூடாது என்றெல்லாம் அதில் கேட்டிருந்தார்கள். நான் வாய்விட்டுச் சிரிக்கும் வழக்கமுள்ளவள் என்றும், என் பருத்திச் சட்டைகளை எடுத்து வருவேன் என்றும், கன்னத்து மச்சம் அப்படியே இருக்க வேண்டும் என்றும் எழுதி அனுப்பினேன். படப்பிடிப்பு நாளில் புகைப்படக்காரர் அப்படிவத்தைப் பார்த்திருக்கவே இல்லை. என் சட்டைகள் பையிலேயே கிடக்க, அவர்களிடமிருந்த பளபளப்பான கோட்டு ஒன்றை எனக்கு மாட்டி முதுகுப்புறம் கிளிப்புகளால் இறுக்கினார்கள். கிளிப் போடுவது இத்துறையில் வழக்கம்தான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் முந்தைய வாடிக்கையாளர் ஒருவரின் படத்தைக் கைப்பேசியில் காட்டி, “இதே போஸ் கொடுங்கள், சிரிக்க வேண்டாம்” என்றபோது, அந்தப் படிவம் பணம் வாங்குவதற்கான அலங்காரம் மட்டுமே என்பது புரிந்தது.

அறை சிறியதாக இருந்ததால் அகலக்கோண லென்ஸுடன் முகத்துக்கு மிக அருகில் வந்து எடுத்தார். அவ்வளவு நெருக்கத்தில் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். சற்றுத் தள்ளி நின்று எடுக்க வசதியாக இருப்பதால்தான் முழுச்சட்டகக் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சார் கொண்டது) 85 முதல் 105 மில்லிமீட்டர் வரையிலான லென்ஸுகளைப் போர்ட்ரெய்ட்டுக்குப் பலரும் விரும்புகிறார்கள். பிறகு அந்த மூக்கைக் கணினியில் சுருக்கியிருந்தார்கள். அதோடு தாடையும் ஒடுங்கியது, மச்சம் காணாமற்போனது, தோலின் நுண்துளைகள் மறைந்தன, நிறமும் என்னைக் கேளாமலே வெளுக்கப்பட்டது. இத்தனைக்கும் பெயர் ‘ஆளுமை’.

முறையிட்டபோது, எல்லோருக்கும் ஒரே பின்னணியும் ஒரே ஒளியமைப்பும் இருக்கும்போது படங்கள் ஒன்றுபோலத்தான் வரும் என்று பதில் சொன்னார்கள். இந்தச் சமாதானத்தை ஏற்பதற்கில்லை. 1948-இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இர்விங் பென் இரண்டு தட்டிகளைக் குறுகிய மூலையாகச் சேர்த்து நிறுத்தி, புகழ்பெற்ற பலரை அதே இடுக்கில் நிற்கவைத்துப் படமெடுத்தார். சாய்வதும் ஒடுங்குவதும் நிமிர்ந்து நிற்பதும் ஆளுக்கு ஆள் வேறுபட்டதால், இடம் ஒன்றாக இருந்தும் அப்படங்கள் ஒன்றுபோல இல்லை. என் விஷயத்தில் நிற்கும் விதத்தையும் இரவல் வாங்கியதுதான் கோளாறு.

ஆகவே, ஒரு ஸ்டூடியோவின் மாதிரிப் படங்களைப் பார்க்கும்போது பலருடைய சிறந்த படங்களை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரே நபரின் படப்பிடிப்புத் தொகுப்பு முழுவதையும் காட்டச் சொல்லுங்கள். அதில் பேச்சுக்கிடையே பிடித்த முகங்கள், முடிக்கப்படாத சிரிப்பு, சலிப்பு எதுவுமே இல்லையென்றால், அங்கே யாரும் அவரோடு பேசவில்லை என்று பொருள். ரீடச்சில், அதாவது கணினியில் படத்தைத் திருத்தும்போது, எதைத் தொடக் கூடாது என்பதையும், படங்களை அவர்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எனக்குப் பிடிக்காத அந்தப் படத்தையே என் ஒப்புதல் இல்லாமல் தங்கள் விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். எழுத்துமூலம் ஆட்சேபித்த பிறகு அதை நீக்கினார்கள். ரா கோப்புகளை, அதாவது கேமரா பதிவுசெய்த மூலக் கோப்புகளை, தர மறுப்பது பல புகைப்படக்காரர்களின் வழக்கம் என்பதால் அதை நான் வற்புறுத்தவில்லை. திருத்தம் செய்யாத ஜேபெக் படங்களையும் தொகையில் ஒரு பகுதியையும் மட்டுமே கேட்டேன். இரண்டும் இன்னும் வந்து சேரவில்லை.