வயிற்றுக்கு மாத்திரை, நெஞ்சுக்கு இசிஜி

லண்டனிலிருந்து மூன்று வார லீவில் வந்தவன் ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதுவேன் என்று நினைக்கவே இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக மாத்திரை, ரத்தத்தில் வைரஸ் பல வருஷமாகத் தட்டுப்படவில்லை. ஊரில் இது தெரிந்தவன் ஒரே ஒருவன், என்னோடு படித்தவன், அவனுக்கும் இதேதான்.

நாலாம் நாள் வயிறு கழன்றது. ஜிகர்தண்டா மேல் பழி போட மனசு வரவில்லை. திருமங்கலத்தில் ஒரு மருந்துக்கடையில் விஷயத்தைச் சொன்னதும் சீட்டு கேட்காமல் பேதிக்கு ஆஃப்ளாக்சசின்-ஆர்னிடசோல் ஒரு அட்டை, வாந்திக்கு ஆன்டான்செட்ரான் ஒரு அட்டை எடுத்துப் போட்டார். "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சரியாயிரும்ணே." வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அத்தனை பேர் நிற்கும்போது சொல்லியிருப்பேனா? மாட்டேன்.

மறுநாள் ராத்திரி படபடப்பு. ரெண்டு துடிப்பு ஒழுங்காகப் போகும், மூன்றாவது தொண்டையில் வந்து முட்டும். விடிந்ததும் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பத்து நிமிஷத்தில் இசிஜி எடுத்துவிட்டார்கள், அந்த வேகத்துக்குக் கும்பிடு போடலாம். ஆனால் ரிசப்ஷனில் உண்மையைச் சொன்னதும் ஃபைல் அட்டையிலேயே சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார்கள், வராண்டாவில் நிற்பவர் எல்லாம் படிக்கலாம். சம்மதம் இல்லாமல் ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை வெளியே விடக் கூடாது என்று 2017-லேயே சட்டம் வந்து, 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. அதைச் சொன்னேன். அட்டை மாறியது, முகம் மாறவில்லை.

டாக்டர் வேறு ரகம். இசிஜி தாளை மேசையில் விரித்து, பேனா முனையால் சின்னக் கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினார், ஒரு கட்டம் 40 மில்லி செகண்ட். ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறைகளில் மின்சாரம் பாய்ந்து அடங்க ஆகும் நேரத்தை, அதாவது க்யூடி இடைவெளியைத் துடிப்பின் வேகத்தோடு கணக்குப் போட்டு 490 மில்லி செகண்ட் என்றார். ஆம்பளைக்கு 450-க்குள் இருக்க வேண்டும், 500-ஐத் தாண்டினால் ஆபத்து. நான் சாப்பிடும் எச்.ஐ.வி. மாத்திரை டோலுடெகிராவிர் மேல் குற்றமில்லை, கடையில் வாங்கிய அந்த ரெண்டு அட்டையும் க்யூடியை நீட்டக்கூடியவை, போதாததற்குப் பேதியில் பொட்டாசியமும் போய்விட்டது. இது யாருக்கும் நடக்கலாம். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு இதயத்தில் ஏற்கெனவே ஒரு பலவீனம் உண்டு: வைரஸ் அடங்கியிருந்தாலும் உள்ளே அழற்சி முழுதாக அடங்குவதில்லை, சிடி4 என்கிற எதிர்ப்புச் சக்தி அணுக்கள் குறைந்தவர்களிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது) கூடுதலாகத் தெரிகிறது. 2012-இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ ஆய்வில் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் திடீர் இதய மரணம் எதிர்பார்த்ததைவிட நான்கரை மடங்கு. என்னிடம் இதையெல்லாம் நின்று நிதானமாகப் பேசிய டாக்டர் லண்டனில்கூட இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கடையில் வாங்கிய மாத்திரைகளை நிறுத்தி, ட்ரிப்ஸில் பொட்டாசியம் ஏற்றி, மூன்றாம் நாள் எடுத்த இசிஜியில் 438. (அந்தத் தாள் வெயிலில் வெளிறிவிடும், உடனே ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.)

அப்புறம்தான் நண்பன் ஞாபகம். கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியில் எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. சென்டரில் மாத்திரை இலவசமாக வாங்குகிறான். டோலுடெகிராவிருக்கு மாறும் முன் பல வருஷம் எஃபாவிரென்ஸ் என்கிற பழைய எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிட்டவன். கண்டகண்ட கனவு வருதுடா என்று போனில் புலம்புவான், அதுவும் க்யூடியை நீட்டக்கூடிய மருந்து என்று ரெண்டு பேருக்குமே தெரியாது. இதுவரைக்கும் இசிஜியே எடுத்ததில்லையாம். இழுத்துக்கொண்டு போனேன். நெஞ்சில் ஜெல் தடவிப் படுத்திருந்தவன் டெக்னீஷியன் அந்தப் பக்கம் திரும்பியதும் கிசுகிசுத்தான்:

"மாப்ள, இந்தப் பேப்பர்ல அது தெரியாதுல்ல?"