முகூர்த்தத்துக்கு எது: காஞ்சிப் பட்டா, மைசூர்ப் பட்டா?

அக்கா மகளுக்கு வருகிற தை மாதம் கல்யாணம். நாங்கள் பெங்களூர் அல்சூர்த் தமிழர்கள். மாப்பிள்ளை வீட்டார் மல்லேஸ்வரத்துக் கன்னடக்காரர்கள். எங்கள் வழக்கத்தில் கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுத்துத் தருவது. நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தியம்மா ஆசை ஆசையாக, "தாரைக்கு மைசூர்ப் பட்டு நாங்க எடுத்துடறோம்" என்றார். தாரை என்பது பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கிற சடங்கு. அக்காவுக்கு முகம் சட்டென்று வாடிவிட்டது. காஞ்சிப் பட்டு இல்லாமல் தாலி ஏறுவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அன்று ராத்திரியே பெண் எனக்குப் போன் போட்டாள். "சித்தி, ரெண்டுல எது சரின்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. அம்மாகிட்ட கேட்டா அழறாங்க."

அதற்கப்புறம் இரண்டு மாதம் சிக்பேட்டை, எம்.ஜி. ரோடு, காஞ்சிபுரம் என்று அலைந்தேன். பெங்களூரில் இப்படி இரண்டு வழக்கம் கலக்கிற கல்யாணங்கள் நிறைய நடக்கின்றன. அதனால் பார்த்ததையும் தெரிந்துகொண்டதையும் எழுதி வைக்கிறேன்.

நூலை வைத்து எது உசத்தி என்று சண்டை போட இடமே இல்லை. நம் ஊரிலிருந்து மைசூர் போகிற வழியில் இருக்கும் ராமநகரத்துப் பட்டுக்கூடுச் சந்தையில் மூட்டை மூட்டையாக ஏலம் போகிற கூடுகளைப் பார்த்திருப்பீர்கள். காஞ்சித் தறிகளுக்குப் போகிற பட்டில் பெரும் பங்கு கர்நாடகத்துப் பட்டுதான். சரிகை இரண்டு ஊருக்கும் சூரத் பக்கத்திலிருந்து வருவது அதிகம். வித்தியாசம் தறியில்தான் ஆரம்பிக்கிறது.

காஞ்சியில் நூலுக்கு முதலில் சாயம் போட்டு, பிறகு நெய்கிறார்கள். மைசூர்ப் பட்டை நெய்த பிறகு சாயம் போடுகிறார்கள். முறுக்கேற்றிய பட்டு நூலை நிறமில்லாமல் விசைத்தறியில் நெய்து, பசை போக வேகவைத்து, புடவையாகவே சாயத்தில் முக்குகிறார்கள். சரிகையில் சாயம் ஏறாது. பட்டு முழுக்க ஒரே நிறமாகிவிடும். பழைய மைசூர்ப் பட்டு எல்லாம் உடலும் கரையும் ஒரே நிறமாக, ஓரத்தில் பொன் பட்டை மட்டும் ஓடுகிற மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை, மாம்பழ மஞ்சளுக்குக் கத்தரிப்பூக் கரை என்று எதிர் நிறம் நெசவிலேயே வேண்டுமென்றால் காஞ்சிக்குத்தான் போக வேண்டும்.

அந்த எதிர் நிறக் கரைக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை நேரில் பார்த்தேன். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுத் தறி. உடலையும் வேறு நிறக் கரையையும் கோர்த்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா, அதாவது குறுக்கு நூலை ஓட்டுகிற கட்டை: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஆளுக்கொன்று. நெசவாளர் நடுவில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் அவர் மனைவி ஓர் ஓரத்து நாடாவைக் கையில் வாங்கித் திருப்பித் தருகிறார். ஒவ்வொரு ஊடைக்கும், அதாவது ஒவ்வொரு குறுக்கு இழைக்கும், உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கோர்த்துக்கொள்கின்றன. அவர் புடவையைத் திருப்பிக் காட்டி, "இங்க நகத்தை வெச்சுப் பாரும்மா" என்றார். உடலும் கரையும் சேருகிற இடத்தில் பின்பக்கம் சின்னச் சின்னப் பல் மாதிரி நூல் வளைவுகள். கட்டை விரல் நகம் அதில் தடதடவென்று இறங்கி ஏறியது. முந்தி தனி நிறமாக இருந்தால் அங்கேயும் ஒரு வேலை இருக்கிறது. உடலின் பாவு நூலையும் (நீளவாட்டில் ஓடுகிற நூல்) முந்தியின் பாவு நூலையும் ஓர் இழை விடாமல் சேர்க்கிறார்கள். அதற்குப் பேட்னி என்று பெயர். அந்த இடத்தைத் தடவினால் ஒரு கோடு தடித்துத் தெரியும். கடையில் பொம்மைமேல் போட்டிருக்கும் முன்பக்கத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், திருப்பச் சொல்லுங்கள்.

மைசூர்ப் பட்டுக்கு இந்தக் கைவேலை கிடையாது. அதற்காக அதை மட்டமாக நினைப்பது தப்பு. 1912-ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஸ்விட்சர்லாந்திலிருந்து தறிகளை வரவழைத்துத் தொடங்கிய ஆலை அது. 1980-லிருந்து கர்நாடக அரசின் பட்டுத் தொழில் கழகத்திடம், அதாவது கே.எஸ்.ஐ.சி.யிடம் இருக்கிறது. கிரேப் நெசவில் நூல் முறுக்கிக்கொண்டே இருப்பதால் கசங்கினாலும் மடிப்பு நிற்காது. உடம்போடு வழிந்து விழும். இந்த விழுகிற அழகு காஞ்சிக்கு வராது. காஞ்சி கொசுவம் விறைப்பாக நிற்கிற அழகு மைசூருக்கு வராது. ஒல்லியான பெண்ணுக்குக் காஞ்சி உடம்பு கொடுக்கும். கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவர்களுக்கு மைசூர் அளவாக இருக்கும்.

வீட்டில் சமையலறைத் தராசை எடுத்து வைத்து நிறுத்தே பார்த்தேன். என் கல்யாணக் காஞ்சி 940 கிராம். அம்மாவின் மைசூர்ப் பட்டு 430. கையில் பிடிக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. ஒட்டியாணம், வங்கி, ஜடை நாகம், கழுத்தில் மாலை எல்லாம் ஏறி, ஹோமத்துக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் சம்மணம் போட்டு உட்காரும்போது அந்த அரைக் கிலோ என்ன செய்யும் என்று உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும். தை மாதத்து விடிகாலை முகூர்த்தம் என்றால் பெங்களூர்க் குளிருக்குக் காஞ்சி இதமாகவே இருக்கும். சித்திரை, வைகாசிக் கல்யாணம், மண்டபத்தில் ஏசி இல்லை என்றால் யோசியுங்கள்.

இப்போது சரிகை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நான் ஏமாந்தது இதில்தான்.

என் கல்யாணப் புடவையைச் சென்னையில் ஒரு பெரிய கடையில் எடுத்தோம். "அசல் ஜரி" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பத்து வருஷம் கழித்துப் பீரோவிலிருந்து எடுத்தபோது மடிப்பு மடிப்பாகச் சரிகை செம்பு நிறத்தில் கறுத்திருந்தது. பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர் தெருவில் வந்தபோது காட்டினேன். அவர் ஓர் இழையை உருவி, நெருப்புக்குச்சியில் கருக்கித் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இதுல வெள்ளி இல்லம்மா, செம்புக் கம்பி" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா இரண்டு வருஷம் சேர்த்த பணம் அது. அவரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

அசல் சரிகை என்றால் பட்டு நூல்மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாகச் சுற்றி, அதற்கு மேல் பொன் முலாம் பூசியது. அடுத்த தரம் ஹாஃப் ஃபைன்: செம்புக் கம்பிக்கு வெள்ளி முலாம். அதற்கும் கீழே பாலியெஸ்டர் நூலில் சுற்றிய பளபளப்பு. கடையில் பார்க்கும்போது மூன்றும் மின்னும். சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிய வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது போலிச் சரிகைக்கும் சிவப்பு நூல் வைக்கிறார்கள், அதை மட்டும் நம்ப முடியாது. காஞ்சியில் சரிகையை எக்ஸ்ஆர்எஃப் இயந்திரத்தில் வைத்துச் சோதித்து, வெள்ளி எவ்வளவு, பொன் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று சீட்டு தருகிறார்கள். லட்ச ரூபாய்க்குப் புடவை எடுக்கும்போது அந்தச் சீட்டைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

இன்னொன்று. சில்க் மார்க் முத்திரையைப் பார்த்ததும் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறோம். நாம் தினமும் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்கிற சில்க் போர்டு ஜங்ஷனுக்குப் பெயர் கொடுத்த மத்தியப் பட்டு வாரியம்தான் 2004-ல் அந்த முத்திரையைக் கொண்டுவந்தது. பட்டு அசல் பட்டுதானா என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம். சரிகைக்கு இல்லை. கையால் நெய்ததா என்பதற்கும் இல்லை. அதற்குக் கைத்தறி முத்திரை தனியாக இருக்கிறது. இந்த இரண்டும், சரிகைச் சீட்டும் சேர்ந்தால்தான் காஞ்சிப் புடவை முழுசாக நம்பத் தகுந்தது.

இந்த ஒரு விஷயத்தில் மைசூர் நிம்மதி. கே.எஸ்.ஐ.சி. புடவையில் சரிகைக்கு 65 சதவீதம் வெள்ளி, 0.65 சதவீதம் பொன் என்று அரசே சொல்லி விற்கிறது. ஒவ்வொரு புடவைக்கும் தனி எண், ஹாலோகிராம் எல்லாம் உண்டு. பேரம் கிடையாது, ஏமாற்று கிடையாது. ஆனால் "மைசூர் சில்க்" என்று பெயர் சொல்லிச் சிக்பேட்டைச் சந்துகளில் விற்கிற மெல்லிசுக் கிரேப் எல்லாம் அந்த ஆலையில் நெய்தவை என்று நினைத்துவிடாதீர்கள். அசல் வேண்டுமென்றால் கழகத்தின் சொந்தக் கடைதான். அங்கே சரக்கு வருவதும் தெரியாது, தீர்வதும் தெரியாது. கடை திறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே வரிசை நிற்கிறது. நானும் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பாட்டி பேத்தி கல்யாணத்துக்காக மூன்றாவது தடவையாக வந்திருந்தார்.

விலை? சாதாரண மைசூர்ப் பட்டே 20 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. சரிகை கூடக்கூட லட்சத்தையும் தாண்டும். அசல் சரிகைக் கல்யாணக் காஞ்சியும் அதே கதை. வெள்ளி, பொன் விலை ஏறும்போதெல்லாம் இரண்டும் சேர்ந்தே ஏறும். காஞ்சிக்குப் போவது ஒன்றும் மலைப்பில்லை. கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னை நெடுஞ்சாலையிலேயே போய்விடலாம். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் பத்து, பத்தரைக்குக் காந்தி ரோட்டில் இறங்கலாம். பெரிய கடைகளைப் பார்ப்பதோடு கூட்டுறவுச் சங்கக் கடைகளுக்கும் போங்கள். மூட்டை மூட்டையாக இறக்கிக் காட்ட மாட்டார்கள், ஆனால் சொல்கிற சரிகைக் கணக்கு சரியாக இருக்கும். நேரமிருந்தால் தறிக்கே சொல்லி நெய்துகொள்ளலாம். குறைந்தது மூன்று மாதம் முன்னால் சொல்லிவிட வேண்டும். ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று: கன்னட ஆஷாடமும் நம் ஆடியும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. அவர்களுடையது சந்திரனை வைத்துக் கணக்கிடுகிற சாந்திரமானம், நம்முடையது சூரியனை வைத்துக் கணக்கிடுகிற சௌரமானம். பெங்களூர்க் கடைகளில் தள்ளுபடி நமக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடும்.

ரவிக்கையைப் பற்றி ஒரே வார்த்தை. கனமான ஆரி வேலையைக் காஞ்சிக்கு வைக்காதீர்கள், கரையே போதும். ஒரே நிற மைசூருக்கு வைத்தால் அழகு.

கல்யாணம் முடிந்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். என் காஞ்சியை இத்தனை வருஷத்தில் நாலு தடவை கட்டியிருப்பேன். நாலு மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றி வைக்காவிட்டால் சரிகை மடிப்பிலேயே ஒடியும். அம்மாவின் மைசூர்ப் பட்டை அவள் கட்டினாள், அக்கா கட்டினாள், போன வரலட்சுமி பூஜைக்கு நான் கட்டினேன். முந்தி ஓரத்தில் ஓர் இழை விட்டிருக்கிறது, அவ்வளவுதான். கையில் ஒரு புடவைக்குத்தான் காசு இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் மைசூர் என்றுதான் சொல்வேன். இரண்டுக்கு வழி இருந்தால் தாலி ஏறும் நேரத்துக்குக் காஞ்சி. அந்தக் கூட்டத்தில், அந்த மேளச் சத்தத்தில், பெண் எழுந்து நிற்கும்போது எதிர் நிறக் கரை அவளைத் தனியாகக் காட்டும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

எங்கள் வீட்டு முடிச்சு அவிழ்ந்தது புரோகிதரால். சடங்கு வரிசையை எழுதித் தரச் சொல்லிக் கேட்டோம். கன்னட முறைப்படி திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சீரகமும் வெல்லமும் ஒருவர் தலையில் ஒருவர் வைப்பார்கள். அப்புறம் தாரை: பெற்றவர்கள் கைமேல் தண்ணீர் வார்ப்பார்கள். எங்கள் முறையில் கூறைப்புடவையைத் தட்டில் வைத்துக் கொடுத்து, பெண் உள்ளே போய் அதைக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் தாலி. ஆக, வெல்லம் ஒட்டி, தண்ணீர் சொட்டுகிற சடங்கு வரைக்கும் மைசூர். அதற்கப்புறம் கூறை காஞ்சி. தாரைக்கு மைசூர் என்ற சம்பந்தியம்மா வாக்கும் நின்றது, அக்கா கண்ணீரும் நின்றது. பட்டில் தண்ணீர் பட்டால் திட்டு விழும் என்பதால் தாரையின்போது மடியில் விரிக்க ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறோம்.

காஞ்சிக்குச் சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அரக்கு உடல், மயில் கழுத்து நிறக் கரை, மாங்காய் முந்தி. 820 கிராம். கடைக்காரர் விரித்ததுமே அவர் தானாகவே புடவையைத் திருப்பி, கரை சேருகிற இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

புடவை மாற்றப் புரோகிதர் 20 நிமிஷம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முந்தின நாளே கொசுவம் மடித்து இஸ்திரி போட்டுப் பெட்டியில் வைத்துத் தருகிற பெண்ணுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.