செப்புப் படிகம் வளர்க்க ஒரு 25 மி.லி. ஆட்டோகிளேவ்

ஆட்டோகிளேவ் என்றால் இறுக மூடி, அழுத்தத்தோடு சூடாக்கும் பாத்திரம். இதில் வெளியே துருப்பிடிக்காத எஃகு உறை, உள்ளே மூடியோடு டெப்லான் கிண்ணம், மேலே திருகு மூடி. அழுத்தமானி கிடையாது, கலக்கி கிடையாது. செப்பு அணைவுச் சேர்மங்களை (செப்பைச் சுற்றி வேறு மூலக்கூறுகள் பிணைந்தவை) வெந்நீர் முறையில், அதாவது மூடிய பாத்திரத்தில் கொதிநிலைக்கு மேல் சூடாக்கிய நீரில், செய்வதற்கு எங்கள் ஆய்வகத்தில் இதைத்தான் வைத்திருக்கிறோம். வாங்குகிறவர்கள் எஃகு எவ்வளவு கனம் என்று பார்ப்பார்கள். நான் டெப்லான் மூடியைப் பார்க்கச் சொல்வேன்.

160 டிகிரியில் உள்ளே நீராவி அழுத்தம் 6 பாரைத் தாண்டும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), 180-ல் 10 பார். சூட்டில் டெப்லான் எஃகைவிடப் பல மடங்கு விரியும், ஆறினால் சுருங்கும், நாளாக ஆக வடிவமும் மாறும். மூடி சரியாக உட்காராவிட்டால் நீர் முழுக்கப் போய், அடியில் காய்ந்த பொடிதான் மிஞ்சும். ஓவனில் வைக்குமுன்னும் எடுத்த பின்னும் எடை போடுங்கள், கசிவு தெரிந்துவிடும். இதில் எடை அநேகமாக மாறுவதே இல்லை. முன்பு வேறிடத்தில் வாங்கிய ஒன்று இந்த விஷயத்தில் எங்களைப் படாதபாடு படுத்தியது.

காப்பர் அசிட்டேட், டைபிகோலினிக் அமிலம் (செப்போடு பிணையும் ஒரு கரிம அமிலம்), தண்ணீர் சேர்த்துச் சூடாக்கி, ஓவனின் சூட்டை மணிக்கு 5 டிகிரி வீதம் இறக்கினால் கிண்ணத்தின் சுவரில் நீலப் படிகங்கள் ஒட்டியிருக்கும். லென்ஸில் பார்த்தால் விளிம்பெல்லாம் கூர்மையாக, அவ்வளவு அழகு! செப்போடு சேர்ந்த நீர் மூலக்கூறுகள் பக்கத்து மூலக்கூறின் கார்பாக்சிலேட் (அமிலப் பகுதி) ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பில் கைகோத்து நிற்கின்றன. ஆக்சிஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே சுமார் 2.7 ஆங்ஸ்ட்ரம் (ஒரு ஆங்ஸ்ட்ரம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). மெல்லிய பிணைப்புகள் இவை, ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரம் வேண்டும். கனமான எஃகு சூட்டைச் சட்டென்று விடாததும் இங்கே நமக்கு நல்லது.

அடியில் செங்கல் நிறப் பொடி வந்தால் பாத்திரத்தைக் குறை சொல்லாதீர்கள். சூடு கூடி, செப்பு ஒடுக்கமடைந்து (எலக்ட்ரானை ஏற்று), குப்ரஸ் ஆக்சைடு என்ற செந்நிறச் சேர்மமாகியிருக்கும். வெப்பத்தைக் குறைத்துப் பாருங்கள்.

குறை என்றால், கிண்ணத்தில் கறை பிடிக்கிறது. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தாலும் முழுக்கப் போவதில்லை. அதனால் செப்புக்கென்று ஒரு கிண்ணத்தைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். 220 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள், நான் 200-க்கு மேல் போவதில்லை. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், நன்றாக ஆறும்வரை திறக்காதீர்கள். பெர்குளோரேட், அசைடு போன்ற வெடிக்கக்கூடிய சேர்மங்கள் எதையும் இதற்குள் போடவே கூடாது.

வாங்குவதானால் உதிரிக் கிண்ணம் ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். தனியாகக் கேட்டால் வந்து சேர நாளாகிறது.