இருவருக்கான முதல் பேக்பேக்கிங்: எதைப் பகிரலாம், எதைப் பகிரவே கூடாது

தங்குவதற்கும் சமைப்பதற்குமான எல்லாவற்றையும் முதுகுப் பையில் சுமந்து நடக்கும் பேக்பேக்கிங்குக்கு ஜோடியாக முதன்முறை கிளம்புபவர்கள் ஒன்று எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்குகிறார்கள், இல்லையென்றால் எடையைக் குறைக்கிறோம் என்று எல்லாவற்றையும் ஒன்றே ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஒரே டென்ட், ஒரே ஸ்டவ், ஒரே தண்ணீர் ஃபில்டர் என்று வருடக்கணக்கில் இருவராகப் பயன்படுத்திய பிறகு எங்கள் முடிவு தெளிவானது. தங்குமிடமும் சமையலும் பொது. தனியாக மாட்டிக்கொண்டால் உயிரைக் காக்கும் பொருட்கள் ஆளுக்கொன்று.

பொருட்களுக்கு முன் தூரம். முதல் பயணம் ஒரே ஒரு இரவோடு இருக்கட்டும், நாளுக்கு 8 முதல் 10 கி.மீ. போதும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அது பழகிய கால்களுக்கு. பையைச் சுமக்கும் புதியவர்கள் மணிக்கு 3 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 400 மீட்டர் ஏற்றமுள்ள 9 கி.மீ. பாதைக்கு நடை மட்டும் 3 மணி 40 நிமிடம், ஓய்வையும் சேர்த்தால் 5 மணி நேரம். இருட்டுவதற்கு 2 மணி நேரம் முன்னதாக டென்ட் போடும் இடத்தை அடையும்படி கிளம்ப வேண்டும். மெதுவாக நடப்பவரின் வேகத்தை வைத்தே கணக்குப் போடுங்கள், அவரையே முன்னால் நடக்கவும் விடுங்கள்.

டென்ட் வாங்கும்போது ‘இருவருக்கானது’ என்ற வார்த்தையை நம்பாமல் தரையின் அகலத்தைப் பாருங்கள். கீழே விரித்துப் படுக்கும் சாதாரண மேட் 51 செ.மீ. அகலம், பெரியது 64 செ.மீ. பல டென்ட்கள் தலைப்பக்கம் 130 செ.மீ. இருந்தாலும் கால்பக்கம் 110 செ.மீ.க்கு ஒடுங்கிவிடும், அதில் இரண்டு பெரிய மேட்கள் சேர்ந்து விரியாது. இரண்டு கதவு உள்ளதையே எடுங்கள். அதனால் கூடும் எடை கொஞ்சம்தான். நள்ளிரவில் ஒருவர் எழுந்தால் மற்றவரைத் தாண்டிப் போக வேண்டியதில்லை, ஈரச் செருப்பையும் பையையும் வைக்க ஆளுக்கொரு பக்கம் கிடைக்கும்.

காலையில் ரெயின்ஃபிளையின் (டென்டின் மேல் மழைக்காக விரிக்கும் வெளித்துணி) உட்புறத்தில் நீர்த்துளிகளைப் பார்த்ததும் டென்ட் ஒழுகுகிறது என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். பெரும்பாலும் அது இருவரின் மூச்சிலிருந்து வந்த ஈரம், குளிர்ந்த துணியில் படிந்தது. மழை பெய்தாலும் காற்றுப் போகும் மேல் வென்டை மூடாதீர்கள். நைலான் துணி நனைந்தால் தளரும். தளர்ந்து உள்துணியைத் தொட்டால்தான் உண்மையிலேயே உள்ளே நனையும். படுக்கும் முன் கயிறுகளை ஒருமுறை இழுத்துக் கட்டினால் தீர்ந்தது.

நாள்பட்ட உபயோகத்தில் முதலில் தொல்லை தருவது கதவு ஜிப்தான். மண் துகள் ஸ்லைடரைத் தேய்த்துவிடும், பற்கள் பின்னால் பிரிந்து நிற்கும். ஸ்லைடரின் இரு பக்கத்தையும் பிளையரால் இம்மி அளவு அழுத்தினால் இன்னும் சில காலம் ஓடும். அதிகம் அழுத்தினால் உடையும். பாலியூரித்தேன் பூச்சுள்ள டென்டை ஈரத்தோடு மடித்து வைத்தால் பூச்சு சிதைந்து பிசுபிசுக்கும், நாற்றமும் வரும். அதை எளிதில் சரிசெய்ய முடியாது. வீடு திரும்பிய அன்றே விரித்துக் காயப் போடுங்கள்.

ஸ்லீப்பிங் பேக்கில் ஜோடிகள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஐஎஸ்ஓ 23537 தரப்படி ‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’ ஆகிய வெப்பநிலைகள் தரப்படுகின்றன. முதலாவது சராசரிப் பெண்ணின் உடலையும், இரண்டாவது சராசரி ஆணின் உடலையும் வைத்துக் கணக்கிட்டவை. பெட்டியில் பெரிதாக இருப்பது லிமிட் எண்ணாகவும் இருக்கலாம். இருவருமே கம்ஃபர்ட் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். கீழே உள்ள மேட் சரியில்லையென்றால் எந்தப் பேக்கும் காப்பாற்றாது, ஏனென்றால் உடல் எடையில் அமுங்கிய பக்கம் சூட்டைப் பிடித்து வைக்காது. மேட்டின் ஆர் வேல்யூவையும், அதாவது அது தரையின் குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண்ணையும், சேர்த்தே பாருங்கள்.

ஸ்டவ்வுக்கு இருவர் நடுவே ஒரு லிட்டர் பாத்திரம் ஒன்று போதும். காற்றில்லாத இடத்தில் ஒரு லிட்டர் கொதிக்க ஏறக்குறைய 15 கிராம் கேஸ் போகும், காற்றடித்தால் இரட்டிப்பாகலாம். ஓர் இரவுக்கு 3 லிட்டர் கொதிக்க வைத்தாலும் 100 கிராம் கேனிஸ்டர் (சிறிய கேஸ் குப்பி) தாங்கும். கேனிஸ்டர் மேலேயே பொருத்தும் ஸ்டவ்வைச் சுற்றி முழுதாகத் தடுப்பு வைத்தால் கேனிஸ்டர் சூடேறி வெடிக்கலாம். டென்டுக்குள் சமைக்கவே கூடாது. ஸ்டவ்விலிருந்து வரும், உயிரையே பறிக்கக்கூடிய கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது.

தண்ணீர் ஃபில்டர் ஒன்று போதும், கூடவே சுத்திகரிப்பு மாத்திரையும் இருக்கட்டும். உள்ளே மெல்லிய குழல்கள் கொண்ட ஃபில்டர் ஒருமுறை உறைந்தால் குழல்கள் விரிசல் விட்டுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. உறைபனி இரவில் அது ஸ்லீப்பிங் பேக்குக்குள் உங்களோடுதான் தூங்க வேண்டும். சாதாரண 0.1 மைக்ரான் ஃபில்டர் வைரஸை நிறுத்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுமையைச் சரிபாதியாகப் பிரிப்பது நியாயமாகத் தோன்றும், ஆனால் தவறு. தண்ணீர், உணவு எல்லாம் சேர்த்து உடல் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 80 கிலோ உள்ளவருக்கு 16 கிலோ, 55 கிலோ உள்ளவருக்கு 11 கிலோ. உணவை எடை குறைவாகத் தாங்குபவரின் பையில் வையுங்கள். சாப்பிடச் சாப்பிடக் குறையும். இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். தோள் கன்றிப்போகிறது என்றால் பட்டை கீழே சரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஹெட்லேம்ப், விசில், மழைச்சட்டை, கதகதப்பான மேல்சட்டை, வரைபடம், ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு வேளை உணவு ஆகியவை ஆளுக்கொன்று. ‘நாம் சேர்ந்துதானே நடக்கப்போகிறோம்’ என்று இதில் எதையும் விடாதீர்கள். ஒருவர் ஒதுங்கப் போன ஐந்து நிமிடத்தில் மற்றவர் தவறான திருப்பத்தில் போய்விடுவது மிக எளிது. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முன்னால் போனவர் நிற்க வேண்டும், பின்னால் வருபவர் முகத்தைப் பார்த்த பிறகே நகர வேண்டும். தொலைந்தால் நின்ற இடத்திலேயே நின்று மூன்று மூன்றாக விசில் ஊத வேண்டும், மற்றவர்தான் தேடி வர வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள்.