ஐல் ஆஃப் மேனா, ஜெர்சியா: கல்லாப்பெட்டி சாவி யார் கையில?

வரி கம்மியா இருக்கிற குட்டித் தீவுன்னு பேச்சு வந்தாலே அயர்லாந்துக் கடல்ல இருக்கிற ஐல் ஆஃப் மேனையும் பிரான்ஸ் கரையோரம் இருக்கிற ஜெர்சியையும் ஒரே மூட்டையில கட்டிடறாங்க, ரெண்டும் ஒண்ணுதானேன்னு. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. மேலோட்டமா ஒத்துமை இருக்கு, மறுக்கல. ரெண்டுமே பிரிட்டிஷ் ராஜாவுக்குக் கட்டுப்பட்டது, ஆனா பிரிட்டன் நாட்டுக்குள்ள வராது, பாதுகாப்பும் வெளியுறவும் லண்டன் பார்த்துக்கும், மத்தபடி சட்டம், வரி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அவங்க பாடு. ரெண்டு இடத்துலயும் சொந்த பவுண்ட் நோட்டு அடிக்கிறாங்க. கம்பெனி லாபத்துக்குப் பொதுவா 0%, பேங்க் மாதிரி சிலதுக்கு மட்டும் வரி, இதை மேன் 2006லயும் ஜெர்சி 2009லயும் கொண்டு வந்தாங்க. சொத்து வித்த லாபத்துக்கு வரி கிடையாது, வாரிசு வரியும் கிடையாது. இதோட நிறுத்திட்டா ஒண்ணுதான்னு தோணும்.

வித்தியாசம் எங்க இருக்குன்னா, கடையில பொருள் வாங்கும்போது போடற வரியில. மேன் தீவு 1979 ஒப்பந்தப்படி பிரிட்டனோட சேர்ந்து ஒரே வாட் ஏரியா. லண்டன்ல 20%னா இங்கயும் 20%, தங்கும் விடுதிக்கும் வீட்டு ரிப்பேருக்கும் 5%னு கொஞ்சம் மாத்திக்க வழி இருக்கு, அவ்வளவுதான். ரெண்டு நாட்டு வசூலும் ஒரே தொட்டியில விழுந்து அப்புறம் ஒரு கணக்குப்படி பிரிச்சுக் குடுக்கப்படுது, தீவு அரசோட வருமானத்துல பெரிய பங்கு அதுதான். 2009ல பிரிட்டன் அந்தக் கணக்கை மாத்தினப்போ தீவோட வருமானத்துல கிட்டத்தட்ட கால் பங்கு அடிபட்டுச்சு. யோசிச்சுப் பாருங்க, ஆயிரம் வருஷத்துக்கு மேல நடக்குதுன்னு சொல்ற டின்வால்ட்ங்கிற சொந்த பாராளுமன்றம் மேனுக்கு இருக்கு, வருமான வரியை அவங்களே முடிவு பண்றாங்க, ஆனா பட்ஜெட்ல பெரிய ஓட்டை விழறது அவங்க எழுதாத ஒரு கணக்கால. அப்புறம் வருஷக்கணக்கா செலவைக் குறைச்சுத்தான் சமாளிச்சாங்க.

ஜெர்சி வாட் ஏரியாவுக்கு வெளியில நின்னுச்சு. கம்பெனி வரி பூஜ்ஜியம் ஆகப்போகுது, பணம் பத்தாதுன்னு தெரிஞ்சதும் 2008ல அவங்களே ஜி.எஸ்.டி. போட்டாங்க, முதல்ல 3%, 2011ல 5%. விகிதம் அவங்களோடது, வசூலும் அவங்களோடது. சுயாட்சின்னா இதுதான்னு நான் நினைக்கிறேன். ஆனா இன்னொரு பக்கமும் பார்க்கணும், இந்த 5% சாப்பாட்டு மேலயும் விழுது. பிரிட்டன்லயும் மேன்லயும் அரிசி, ரொட்டி, பால், காய்கறிக்கு வாட் பூஜ்ஜியம். கம்பெனி கட்டாத வரியை ரொட்டி வாங்கறவங்க கட்டறாங்களேன்னு ஜெர்சிக்காரங்க கேட்டப்போ அதுக்கு நேர்மையான பதில் வரல, இது என்னை ரொம்ப உறுத்தற விஷயம்.

அதுக்காக ஜெர்சிக்கு லண்டன் கை எட்டாதுன்னு நினைச்சுடாதீங்க. சின்ன விலை பொருளை வெளியில இருந்து பிரிட்டனுக்கு அனுப்பினா வாட் இல்லைங்கிற சலுகையை வச்சு சிடி, டிவிடி பார்சல் தொழில் ஜெர்சியிலயும் பக்கத்துத் தீவான குர்ன்சியிலயும் ஓஹோன்னு நடந்துச்சு. 2012 ஏப்ரல்ல பிரிட்டன் சேனல் தீவுகளுக்கு (ஜெர்சி, குர்ன்சி எல்லாம் சேர்ந்த கூட்டம்) அந்தச் சலுகையை நிறுத்திடுச்சு, கோர்ட்டுக்குப் போயும் தீவுகள் தோத்தாங்க, அந்த குடோன்கள்ல வேலை பார்த்தவங்க நடுத்தெருவுக்கு வந்தாங்க. ஆனா அங்க போனது ஒரு தொழில், மேன்ல போனது அரசாங்கத்தோட கால்வாசி வருமானம்.

வருமான வரியில பெரிய தூரம் இல்ல. ஜெர்சியில உச்சம் 20%, ஜெர்மன்காரங்க தீவைப் பிடிச்ச 1940ல வச்ச விகிதம் இன்னிக்கும் அப்படியே நிக்குது. மேன்ல 10ல ஆரம்பிச்சு மேல்படி 20 சொச்சம். பெரும் பணக்காரங்களுக்கு மேன்ல சுமார் 2 லட்சம் பவுண்டோட வரி நின்னுடும், ஜெர்சி சிறப்பு அனுமதி குடுத்துக் கூப்பிடற பணக்காரங்ககிட்ட வருஷத்துக்குக் குறைஞ்சபட்சம் 2.5 லட்சம் கேக்குது.

சம்பளத்துல வாழறவங்களுக்கு இடம்தான் பிரச்சனை. ஜெர்சி சுமார் 120 சதுர கிலோமீட்டர், ஆனா 2021 கணக்குப்படி 1,03,000க்கு மேல ஜனம். மேன் 572, ஜனம் 84,000. ஜெர்சியில வெளியூர்க்காரர் 10 வருஷம் இருந்தாத்தான் தாராளமா வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ உரிமை, அதுவரைக்கும் ஒதுக்கின வீட்டுலதான் காலம் தள்ளணும். நிதித் தொழில்தான் தீவோட பொருளாதாரத்துல சுமார் 40%, அந்தச் சம்பளத்தோட போட்டி போட்டு ஒரு நர்ஸோ ஓட்டல் தொழிலாளியோ எங்க வீடு பிடிக்கறது? மேன்ல வீடு யாரும் வாங்கலாம், வேலைக்குத்தான் பர்மிட். தொழிலும் கொஞ்சம் பரவலா இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, 2001லயே சட்டம் போட்டு வளர்த்த ஆன்லைன் சூதாட்டம் இருக்கு (அதை நான் பெருமையா சொல்லல, ஆனா அரசுக்குக் காசு வருது).

பேங்க் விஷயத்துல மேன் அடிபட்டுக் கத்துக்கிட்டது. 1982ல ஒரு பேங்க் கவிழ்ந்துச்சு, 1991ல டெபாசிட் இழப்பீட்டுத் திட்டம் வந்துச்சு. 2008 அக்டோபர்ல ஐஸ்லாந்தைச் சேர்ந்த கௌப்திங் பேங்கோட மேன் தீவு துணை பேங்க் விழுந்தப்போ அந்தத் திட்டம் கையில இருந்துச்சு, அந்த மாசமே வரம்பை 50,000 பவுண்டா உயர்த்தினாங்க. ஜெர்சிக்கு அந்தத் திட்டம் 2009லதான் வந்துச்சு, அவ்வளவு பேங்குகளை வச்சுக்கிட்டு.

ஆட்சி முறைன்னு வந்தா எனக்கு மேன்தான் பிடிக்கும், சந்தேகமே இல்ல. சொத்து வச்சிருந்த பெண்களுக்கு 1881லயே ஓட்டு, ஜெர்சியில 1919. 16 வயசுக்கு ஓட்டு 2006ல, ஐரோப்பாவுக்கே முன்னோடி. ஒவ்வொரு ஜூலை மாசமும் செயின்ட் ஜான்ஸ்ங்கிற ஊர்ல டின்வால்ட் மேட்டு மேல நின்னு புதுச் சட்டங்களைத் தீவோட சொந்த மொழியான மேங்க்ஸ்லயும் இங்கிலீஷ்லயும் படிக்கறாங்க, குறை இருக்கிற யார் வேணா அங்கயே மனு குடுக்கலாம். 1990ல இருந்து சபைத் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கறாங்க. ஜெர்சியில ராஜா நியமிக்கிற பெய்லிஃப்தான் நீதிமன்றத்துக்கும் தலைமை, சட்டசபைக்கும் தலைமை. அவர் நல்லவரா இருக்கலாம், அது வேற விஷயம். வரி விகிதத்தைத் தானே எழுதற அளவுக்கு தைரியம் இருக்கிற ஜெர்சி சட்டசபை உறுப்பினர்கள் 49 பேர் தங்களுக்குள்ள ஒருத்தரை அந்த நாற்காலியில உட்கார வைக்க இன்னும் ஏன் தயங்கறாங்கன்னு எனக்குப் புரியல.