12ம் போகும், 20ம் போகும் என்று துவக்கு விற்க வருகிறவரிடம் கவனம்

வெலிமடை, ஊவா பரணகம பக்கம் கிழங்கும் கோவாவும் போட்டுப் பன்றியோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குத்தான் இது. பயிர்க் காவலுக்கு லைசன்ஸ் எடுத்தவர்களைத் தேடி ஒரு தரகர் வருகிறார். அவர் காட்டுவது இங்கிலாந்தில் செய்த இரட்டைக் குழல் துவக்கு, ஏதோ பழைய பங்களாவில் இருந்ததாம். "12 போர் தோட்டா கிடைக்காட்டி இந்தக் குழாயைச் செருகுங்க தம்பி, 20 போர் போகும். எது மலிவோ அதைப் போடலாம்" என்று சொல்லி, என் மாமாவிடம் முற்பணம் வாங்கிவிட்டார். போர் என்பது குழல் துளையின் அளவு; 20 போர் 12 போரை விட ஒடுக்கம்.

துவக்குத் திருத்துகிற பெரியவர் ஒருவரிடம் காட்டினோம். குழாயை வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே நீளத்துக்கும் ஒட்டுத் தழும்பு. தண்ணீர்க் குழாயை லேத்தில் கடைந்து பூசியிருக்கிறார்கள்! குழலுக்குள் விட்டால் கடகடவென்று ஆடியது. ஒழுங்காகச் செய்த மாற்றுக் குழாய்கள் உலகத்தில் உண்டு. இது அந்தச் சாதி இல்லை. குழாய் இல்லாமல் 20 போர் தோட்டாவைப் போட்டாலோ இன்னும் மோசம். அது தோட்டா உட்காரும் அறையைத் தாண்டி வழுக்கிப் போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். பார்த்தால் காலியாகத் தெரியும். பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், சுடுகிறவர் கை போகும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இந்தக் குழப்பம் வராமலிருக்கத்தான்.

சரி, 12 போரை மட்டும் போட்டுச் சுடலாமே என்றார் மாமா. பெரியவர் குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைக் காட்டினார். வைரக் கட்டத்துக்குள் 12, அதன் கீழே C, பக்கத்தில் இரண்டரை அங்குலம் என்ற முத்திரை. அதாவது 65 மில்லிமீட்டர் அறை. தரகர் கூடவே கொடுத்த தோட்டாப் பெட்டியில் 70 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் 70ம் சுகமாக உள்ளே போய்விடும். சுடும்போது மடிப்பு விரிய இடம் போதாமல் அமுக்கம் ஏறும். பழைய குழல் எத்தனை தடவை தாங்குமோ!

தரகரிடம் போனில் கேட்டதற்கு, "துரை காலத்திலிருந்து சுடுற துவக்கு, ஒன்றும் ஆகாது" என்கிறார். துரை எந்தத் தோட்டா போட்டாரென்று இவருக்கு யார் சொன்னார்கள்? காசைக் கேட்டால் நாளைக்கு, நாளன்றைக்கு.

இப்போது கெப்பெட்டிபொல பக்கம் அதே துவக்கோடு திரிவதாகக் கேள்வி. பிடியின் கழுத்தில் பித்தளைக் கம்பி சுற்றியிருக்கும். குழலில் வெட்டியிருக்கும் நம்பரும் அவர் காட்டும் லைசன்சிலுள்ள நம்பரும் ஒன்றல்ல. காசு கொடுக்கும் முன் குழலைக் கழற்றச் சொல்லி இரண்டு நம்பரையும் ஒத்துப் பாருங்கள். மாட்டேன் என்றால் அப்படியே அனுப்பிவிடுங்கள்.